முயல்களுக்கு ஒரு விடுதி

"அம்மா, நீங்க எனக்கு ஒண்ணும் சொல்லித் தரமாட்டேங்கீங்க" என்றார் ஆவுடையப்பன்.

லோசனியம்மா பேரிக்காய் மரத்தடியில் எரு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மழைக்கு முன்னால வந்தேன். மழையும் பெய்ஞ்சு ஓய்ஞ்சாச்சு. இங்க காலையில எழுப்ப ஒரு மணி கிடையாது. தியானத்துக்கு ஒரு நேரம் கிடையாது. இதைச் செய்யி, இதைச் செய்யாதேன்னு ஒரு வார்த்தை கிடையாது. நான் எப்படிம்மா தேறுவேன்?"

லோசனியம்மா மண்வெட்டியை மரத்தில் சாய்த்தார். இடுப்பில் செருகியிருந்த கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"தோட்டத்துக் கொட்டகைச் சாவி. வியாழக்கிழமை ரெண்டு முயல் வருது. அதுங்க சௌகரியமா இருக்கற மாதிரி ஒரு வீடு பண்ணிக் கொடுங்க, ஐயா."

"முயலுக்கா?"

"முயலுக்குத்தான்."

அவ்வளவுதான். மறுபடியும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

*

ஆவுடையப்பனுக்கு அறுபது தாண்டிவிட்டது. லோசனியம்மா அவரைவிட இருபது வயதாவது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு, இவர்தான் சீடர். கொடைக்கானலுக்கு மேலே, பஸ் திரும்புகிற கடைசி ஊரிலிருந்து மேடேறிப் போனால் லோசனியம்மாவின் குடில். நான்கு அறை, ஒரு சமையல்கட்டு, சுற்றிலும் பேரிக்காய் மரங்கள். அதற்கு மேல் மேகம்தான்.

குடிலுக்கு வருமுன் ஆவுடையப்பன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் வார்டனாக இருந்தார். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை வார்டன். கட்டில்கள் நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். கொடியில் ஒரு துண்டு கோணலாகத் தொங்கினாலும் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

ஓய்வு பெற்ற மறுவாரமே வீட்டுச் சமையல்கட்டில் ஒரு நேரப்பட்டியல் ஒட்டினார். அவர் மனைவி அதைப் படித்துப் பார்த்தார். "ஏங்க, கொஞ்ச நாள் எங்கயாவது மலைப்பக்கம் போய் மனசை ஆத்திட்டு வாங்களேன்" என்றார். பையைத் தானே கட்டிக் கொடுத்தார். பஸ் ஏற்றிவிட்டுக் கையாட்டும்போது முகம் அப்படி மலர்ந்திருந்தது.

அப்படி வந்தவர்தான்.

முயல் என்றதும் அவருக்கு முதலில் கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கொட்டகையைத் திறந்து பார்த்தார்.

ஒட்டடை. துருப்பிடித்த மருந்தடிக்கும் பம்பு. உடைந்த பேரிக்காய்ப் பெட்டிகள். ஒரு மூலையில் எலி இழுத்துப்போட்ட சோளத்தோகை.

அவர் கைகள் பரபரத்தன. வேட்டியை மடித்துக் கட்டினார்.

இந்த ஒரு வேலை அவருக்குத் தெரியும்.

*

வியாழக்கிழமைக்குள் கொட்டகை விடுதியாகிவிட்டது.

சுவருக்கு இளநீலப் பெயின்ட். நடுவே பலகை அடித்து இரண்டு அறை. ஆளுக்கு ஓர் அறை. சண்டை சச்சரவு வராது. புழுக்கை கீழே விழுந்துவிடும்படி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கம்பிவலை. பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். கூரையில் ஒரு குண்டு பல்பு. தண்ணீருக்கு எவர்சில்வர் கிண்ணம், தீவனத்துக்கு எவர்சில்வர் தட்டு.

அறைக் கதவுகள் மேல் ஒன்று, இரண்டு என்று எண். வாசலில் ஒரு சின்ன மணி. மணிக்குப் பக்கத்தில் ஓர் அட்டை. அட்டையில் சாப்பாட்டு நேரம், விளக்கணைக்கும் நேரம், சத்தம் போடக்கூடாது.

குடிலில் சமையலைப் பார்த்துக்கொள்ளும் செலின் வந்து எட்டிப்பார்த்தார். அவரும் லோசனியம்மாவின் சீடர்தான். இந்த மலைக்காரர். வாய் ஓயாது.

"வார்டன் சார், எனக்கே இப்படி ஒரு ரூம் கிடையாது."

"இருக்கட்டும் செலினம்மா. சுத்தம்தான் முக்கியம்."

"முயல் இதையெல்லாம் படிக்குமா சார்?"

"போர்டு போர்டுதான். படிக்கிறதும் படிக்காததும் அவங்க பொறுப்பு."

செலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

*

முயல்கள் ஒரு மூங்கில் கூடையில் வந்தன. கீழ்மலையில் ஒருவர் முயல் பண்ணை வைத்திருந்தார். அதை மூடிவிட்டு மகள் வீட்டோடு போகிறார். மற்ற முயல்களையெல்லாம் ஓட்டலுக்குப் பேசிவிட்டார். செலின்தான் கெஞ்சிக் கூத்தாடி இந்த இரண்டையும் கேட்டு வாங்கியது.

"ஞாயித்துக்கிழமை ஓட்டல் ஜீப்பு வருதாம்" என்றார் செலின். "நமக்கு வளர்க்க முடியலேன்னா அதுக்குள்ள திருப்பிக் கொடுத்துடணும்னு சொல்லிவிட்டாரு."

"அதெல்லாம் வேண்டியிருக்காது" என்றார் ஆவுடையப்பன்.

கூடையைத் திறந்தார். ஒன்று பழுப்பு, ஒன்று வெள்ளை. இரண்டும் பெட்டை. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து கிடந்தன.

"பழுப்புக்குக் கருப்பட்டி. வெள்ளைக்கு இட்லி" என்று செலின் அங்கேயே பேர் வைத்துவிட்டார்.

"பேரெல்லாம் எதுக்கு? அறை ஒண்ணு, அறை ரெண்டு. அது போதும்."

பழுப்பைத் தூக்கி ஒன்றாம் அறையில் விட்டார். வெள்ளையைத் தூக்கி இரண்டாம் அறையில் விட்டார். மணியடித்தார். தட்டில் காரட்டும் முள்முருங்கை இலையும் வைத்தார்.

முயல்கள் அசையவில்லை.

"புது இடம். பழகிடும்" என்றார்.

*

வெள்ளிக்கிழமை காலையில் கருப்பட்டியின் தட்டில் இலை பாதி குறைந்திருந்தது.

இட்லியின் தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது.

இட்லி மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. காது முதுகோடு படிந்திருந்தது. கண் மட்டும் அகலமாகத் திறந்திருந்தது.

அவர் மணியடித்தார். முயல் விருக்கென்று நடுங்கிப் பின்னங்காலால் கம்பியை ஓங்கி அடித்தது.

தட்டை மாற்றினார். புது இலை வைத்தார். தண்ணீரை மாற்றினார். கிண்ணத்தை இடமிருந்து வலத்துக்கு நகர்த்தினார். ஏற்கெனவே சுத்தமாக இருந்ததை இன்னொரு தடவை சுத்தம் செய்தார்.

மத்தியானமும் சாப்பிடவில்லை. சாயங்காலமும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் செலின் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஆவுடையப்பன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"என்ன செலினம்மா?"

"முயலு வயிறு காயக்கூடாது சார். ஒரு நாளு காஞ்சாலே ஆபத்து. இப்படியே கிடந்தா இங்கயே செத்துப்போகும். திருப்பிக் கொடுத்தா அங்க போய்ச் சாகும்."

அவர் லோசனியம்மாவைத் தேடி ஓடினார். வேட்டி தடுக்கியது. ஒரு செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது.

"அம்மா, ஒரு குறையும் வைக்கலை. வெளிச்சம் இருக்கு. காத்து இருக்கு. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். எல்லா வசதியும் பண்ணிக் கொடுத்திருக்கேன். அது சாப்பிட மாட்டேங்கு!"

லோசனியம்மா எழுந்து வந்தார்.

கொட்டகைக்குள் நுழைந்தார். இளநீலச் சுவரைப் பார்த்தார். எண்களைப் பார்த்தார். அட்டையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார்.

பிறகு இட்லியின் அறைக்குள் குனிந்து போய், கம்பிவலை மேல் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"அம்மா! என்னம்மா செய்யுதீங்க?"

லோசனியம்மா கன்னத்தைக் கம்பியில் வைத்து, கண்ணைத் திறந்தபடி, அப்படியே கிடந்தார். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று ஆவுடையப்பனுக்குத் தெரியவில்லை. ஒரு தடவை ஜன்னலைப் பார்த்தார். ஒரு தடவை பல்பைப் பார்த்தார்.

எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். கன்னத்தில் கம்பிவலையின் கட்டங்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

ஆவுடையப்பன் கைகட்டி நின்றார். இப்போதாவது ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார்.

லோசனியம்மா அவரைப் பார்த்துச் சிரித்தார். வெளியே போய்விட்டார்.

*

ஆவுடையப்பனுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

பிறகு இட்லியைப் பார்த்தார். கோபம் நிற்கவில்லை.

சுற்றுமுற்றும் பார்த்தார். செலின் இல்லை. யாரும் இல்லை. ஒரு முழங்காலை ஊன்றினார். அது முனகியது. அடுத்ததை ஊன்றினார். உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக் குப்புறப் படுத்தார்.

முதலில் கம்பி வலித்தது. முழங்கை, விலா, கன்னம், பட்ட இடமெல்லாம் வலித்தது. இந்தக் கம்பி மேல் ஒரு முயல் வெறும் பாதத்தோடு இரண்டு நாளாக நிற்கிறது.

அடுத்தது பெயின்ட். நின்றபோது தெரியாத வாடை. தரையோரத்தில் அது மூக்கைக் குடைந்தது.

அடுத்தது ஜன்னல்.

நின்று பார்த்தால் அதில் பள்ளத்தாக்கு தெரியும். படுத்துப் பார்த்தால் வானம் மட்டும்தான். வெறும் வானம். எங்கே நகர்ந்தாலும் அது தலைக்கு மேலேயே நின்றது. அந்த வானத்தில் ஒரு பருந்து மெல்ல வட்டமடித்துப் போனது. அதன் நிழல் கொட்டகைக்குள் விழுந்து, சுவரில் ஏறி, இட்லியின் முதுகைத் தடவிக்கொண்டு போனது.

இட்லி கண்ணை மூடவில்லை. மூடினால் என்ன ஆகும் என்று அதற்குத் தெரியும் போலிருந்தது.

ஒளிந்துகொள்ள இடம் தேடி ஆவுடையப்பனின் கண்களும் அலைந்தன. எங்கும் இல்லை. அவ்வளவு சுத்தம்.

அப்போதுதான் ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கரக், கரக்.

நடுப்பலகைக்கு அடியிலிருந்து வந்தது. பலகைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விரல்கடை இடைவெளி. அதன் வழியாக ஒரு பழுப்பு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கு துடித்தது. பல் பலகையைக் கரண்டியது. பலகையின் அடிப்பக்கம் முழுக்கப் பல் தடம்.

இந்தப் பக்கம், இட்லி ஒட்டிக் கிடந்த மூலை அந்த இடைவெளிக்கு நேராக இருந்தது.

ஆவுடையப்பன் எழுந்தார். முழங்கால் வலித்ததா என்று பிறகு யோசித்தால் அவருக்கே ஞாபகம் இல்லை. கடப்பாரை தேடவில்லை. தானே அடித்த பலகையைத் தன் கையாலேயே பிடித்து இழுத்தார். ஆணி கீறி ரத்தம் வந்தது. பலகை பெயர்ந்து வந்தது.

கருப்பட்டி உடனே ஓடி வரவில்லை. ஓர் எட்டு வைத்தது. நின்றது. இன்னொரு எட்டு. இட்லியின் பக்கத்தில் போய் விலாவோடு விலா சாய்ந்து உட்கார்ந்தது. அதன் நெற்றியை நக்கத் தொடங்கியது.

அவர் பெயர்த்த பலகையைப் பிடித்தபடியே நின்றார்.

இட்லியின் காது கொஞ்சம் நிமிர்ந்தது. கண் பாதி மூடியது.

வெகுநேரம் கழித்துக் கருப்பட்டி ஒரு முள்முருங்கை இலையை இழுத்து மென்றது. அதன் வாயில் தொங்கிய மறுமுனையை இட்லி பிடித்துக்கொண்டது. இரண்டும் இரண்டு பக்கமிருந்து மென்றுகொண்டே வந்தன. இலை சின்னதாகிச் சின்னதாகி, கடைசியில் இரண்டு மூக்கும் முட்டிக்கொண்டன.

சமையல்கட்டுக்கு அவர் குரல் கேட்டது.

"செலினம்மா! இட்லி சாப்பிடுது! இட்லி சாப்பிடுது!"

செலின் அகப்பையோடு ஓடி வந்தார். "பேரெல்லாம் எதுக்கு சார்?" என்று கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப் வந்து, கீழேயிருந்தே போய்விட்டது.

*

அதற்குப் பிறகு ஆவுடையப்பன் கொட்டகையைச் செய்யவில்லை. செய்ததையெல்லாம் பிரித்தார்.

கம்பிவலை போனது. அங்கே கனமாக வைக்கோல் வந்தது. ஜன்னலின் பாதிக்குச் சாக்கு தைத்துத் தொங்கவிட்டார். இளநீலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினார். பல்பைக் கழற்றினார். எவர்சில்வர் தட்டு பளபளத்துப் பயமுறுத்தியது, மண்சட்டி வந்தது. பேரிக்காய்ப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து இரண்டு பக்கமும் வாசல் வெட்டினார். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் தப்பிக்கலாம்.

ஒவ்வொன்றும் வைத்துவிட்டுப் படுத்துப் பார்ப்பார். எழுந்து ஒரு சாண் நகர்த்துவார். மறுபடியும் படுப்பார்.

பழைய குழாய்த்துண்டு ஒன்றைச் சுரங்கமாகப் போட்டுப் பார்த்தார். முயல்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எடுத்துவிட்டார். மரக்கிளைகளைப் போட்டார். இரவோடிரவாகப் பட்டை உரிந்து கிடந்தன. இன்னும் போட்டார்.

வெயிலேறினால் முயல்கள் தூங்கின. விடியற்காலையிலும் அந்தி மயங்கும்போதும்தான் அவற்றுக்குப் பசித்தது. அவர் தன் சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொண்டார்.

ஒரு நாள் அட்டையைக் காணவில்லை. வைக்கோலுக்குள் ஒரு துண்டு மட்டும் கிடந்தது. அதில் 'கூடாது' என்று இருந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருப்பட்டி வந்து, அவர் விரலிடுக்கிலிருந்து பிடுங்கி, அதையும் தின்றுவிட்டது.

*

"வீடு ஆயிடுச்சா, ஐயா?"

ஆவுடையப்பன் வெளியே வந்து கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தும்போது லோசனியம்மா வந்து நின்றார்.

"ஆயிட்டும்மா. இப்போ நல்லாச் சாப்பிடுதுங்க. நல்லாத் தூங்குதுங்க."

"அப்போ கதவைத் திறக்கலாமா?"

ஆவுடையப்பன் பதறிப்போனார். கொட்டகைக்கு எதிரே புல்வெளி. அதைச் சுற்றி அவரே வேலி அடித்து, முயல் தோண்டாமலிருக்க வலையை மண்ணுக்குள்ளும் இறக்கியிருந்தார். ஆனாலும் புல்வெளி பெரியது. அதன் கோடியில் முட்புதர். ஒளிந்துகொண்டால் யார் தேடிப் பிடிப்பது?

"வெளிய போனா திரும்பி உள்ள வருமாம்மா?"

"தெரியாது."

"தெரியாமலா திறக்கச் சொல்லுதீங்க?"

"வீடு நல்லா இருக்கா இல்லையான்னு வேற எப்படித் தெரிஞ்சுக்கறது?"

சொல்லிவிட்டு அவரே கதவைத் தள்ளிவிட்டார்.

வெயில் உள்ளே விழுந்தது. கருப்பட்டி மூக்கை நீட்டியது. இட்லி அதன் பின்னால் வந்தது. வாசற்படியில் இரண்டும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தன. ஒரு பாதம் புல்லில் பட்டது. பின்வாங்கியது. மறுபடியும் பட்டது.

பிறகு ஓடின.

பண்ணையில் கூண்டிலேயே பிறந்து கூண்டிலேயே வளர்ந்தவை. நேராக ஓடத் தெரியவில்லை. கோணல்மாணலாக ஓடின. ஓடிக்கொண்டிருந்த இட்லி திடீரென்று அந்தரத்தில் எழும்பி, உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி, காலை உதறி, வேறு திசையைப் பார்த்து விழுந்தது. விழுந்த இடத்தில் ஒரு கணம் திகைத்து நின்றது, யார் இதைச் செய்தது என்று கேட்பதுபோல. மறுபடியும் எழும்பியது.

"என்னம்மா அது? வலிப்பா?"

"சந்தோஷம்" என்றார் லோசனியம்மா.

ஆவுடையப்பன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பட்டியும் எழும்பியது. அது கொஞ்சம் குண்டு, அரையடிதான் போனது. ஆனால் அதே முறுக்கு, அதே உதறல். அவருக்குள் எங்கோ ஒன்று கழன்றுகொண்டது. சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. நிற்க முடியவில்லை. புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். எந்த விடுதிப் பையனும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

பொழுது சாய்ந்தது. பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறி வந்தது. முயல்களைக் காணவில்லை.

அவர் கூடையை எடுத்தார்.

"உட்காருங்க, ஐயா."

"இருட்டப் போகுதும்மா. நரி வரும்."

"நீங்க அடிச்ச வேலிதானே?"

உட்கார்ந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். மேகம் வேலியை மறைத்தது. முட்புதரை மறைத்தது. புல்வெளி முழுக்க வெள்ளையானது. அவர் கூப்பிடவில்லை. கூப்பிட வாயெடுத்து அடக்கிக்கொண்டார்.

வெள்ளைக்குள்ளிருந்து ஒரு பழுப்பு முதலில் வந்தது. அதன் பின்னால் வெள்ளையோடு வெள்ளையாக இன்னொன்று வந்தது. அவர் மடித்துக் கட்டிய வேட்டியை உரசிக்கொண்டு, அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், தங்கள் வீட்டுக்குள் போய்விட்டன.

*

சில வாரம் கழித்து ஒரு காலையில் ஆவுடையப்பன் மறுபடியும் ஓடி வந்தார்.

"கருப்பட்டி தன் நெஞ்சு மயிரைத் தானே பிடுங்குதும்மா! வாய் நிறைய வைக்கோலைக் கவ்விக்கிட்டு இங்கயும் அங்கயும் அலையுது! என்ன வியாதியோ தெரியலை!"

செலின் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பில் கூடையே கவிழ்ந்தது.

"வார்டன் சார், அது பிள்ளை பெத்துக்கப் போகுது. பண்ணையிலிருந்து வரும்போதே சுமந்துக்கிட்டு வந்திருக்கு."

ஆவுடையப்பனுக்குக் காது சிவந்தது. பிறகு திரும்பி வேகமாக நடந்தார். ரம்பத்தின் சத்தம் சாயங்காலம் வரை கேட்டது.

பிரசவப் பெட்டி அப்படி ஒரு பெட்டி. கருப்பட்டியின் நீளத்தை நூலால் அளந்து செய்தது. சிலாம்பு குத்தாமல் உள்பக்கம் இழைத்தது. வாசலில் குட்டி வெளியே விழாதபடி ஒரு படி. அடியில் மரத்தூள், அதன் மேல் காய்ந்த புல், அதன் மேல் அவருடைய பழைய கம்பளிக் குல்லாயைப் பிரித்தெடுத்த நூல். காற்றுப்படாத, வெளிச்சம் உறுத்தாத இடமாகப் பார்த்து வைத்தார். தலையை உள்ளே விட்டு முகர்ந்தும் பார்த்தார்.

கருப்பட்டி வந்தது. சுற்றிப் பார்த்தது. மேலே ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

"உள்ள போம்மா" என்று கெஞ்சினார். "உனக்குத்தான்."

அது காதை ஆட்டிக்கொண்டது.

மூன்றாவது நாள் விடியற்காலையில் புல்லோடு போனார். கருப்பட்டி சட்டி ஓரத்தில் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. வயிறு ஒட்டியிருந்தது.

பெட்டிக்குள் எட்டிப்பார்த்தார். நூல் கலையவில்லை. ஒன்றும் இல்லை.

பயந்துபோன முயல் குட்டியைத் தின்றுவிடும் என்று செலின் ஒரு தடவை சொல்லியிருந்தார்.

கவிழ்த்த பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். இல்லை. கிளைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இல்லை. வைக்கோலைக் கையால் துழாவித் துழாவி ஊர்ந்தார். இல்லை. கண் கலங்கி எதுவும் சரியாகத் தெரியவில்லை.

வெளியிலிருந்து குளிர் அடித்தது. எங்கோ குட்டி கிடந்தால் விறைத்துவிடும் என்று நினைத்து, உள்ளே இருந்தபடியே கொட்டகைக் கதவைச் சாத்தினார்.

அந்தக் கதவு உள்பக்கம் திறப்பது. உள்ளே வந்தால் அதைச் சுவரோடு தள்ளி வைத்துவிடுவார். போகும்போது வெளியே நின்று இழுத்துப் பூட்டுவார். உள்ளே நின்று அதைச் சாத்தியதே இல்லை.

கதவுக்குப் பின்னால் ஒரு மூலை இருந்தது.

அங்கே சுவர் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. பெருக்காத தரை. எப்போதோ எலி இழுத்துப்போட்ட சோளத்தோகை. அதன் மேல் ஒரு கைப்பிடி வைக்கோல், அதன் மேல் பழுப்பு மயிர், பொங்கி வழிகிற மாதிரி.

மயிர் மூச்சுவிட்டது.

அவர் குப்புறப் படுத்தார். ஒரு விரலால் மெல்ல விலக்கினார். இளஞ்சிவப்பாக, கண் திறக்காமல், கட்டைவிரல் நீளத்தில் ஒன்று. அதன் மேல் ஒன்று. அதற்கடியில் ஒன்று. எல்லாம் வெதுவெதுவென்று, ஒன்றுக்குள் ஒன்றாக நெளிந்துகொண்டிருந்தன.

பின்னால் மெல்லும் சத்தம் நின்றது. கருப்பட்டி வந்து அவர் தோளோரத்தில் நின்று பார்த்தது. விரட்டவில்லை. அவர் மயிரைப் பழையபடி மூடினார். அது திரும்பிப் போய் மறுபடியும் மெல்லத் தொடங்கியது.

*

லோசனியம்மா பேரிக்காய் மரத்தின் கிளைகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தார். ஆவுடையப்பன் மூச்சிரைக்க வந்து நின்றார். தலை முழுக்க வைக்கோல்.

"அம்மா! குட்டி போட்டுட்டு!"

"எத்தனை?"

ஆவுடையப்பன் விழித்தார்.

"எண்ணலையேம்மா."

"பெட்டியிலயா?"

"இல்லம்மா. பெட்டியை அது சீண்டவே இல்லை. கதவுக்குப் பின்னால போட்டிருக்கு." மூச்சு வாங்கினார். "அங்க நான் ஒண்ணுமே செய்யலைம்மா. பெயின்ட் அடிக்கலை, மண்ணு பூசலை. பெருக்கக்கூட இல்லை. அப்படி ஒரு மூலை இருக்கறதையே நான் மறந்துபோயிட்டேன்."

லோசனியம்மா கத்தரியைக் கீழே வைத்தார். இரண்டு கையையும் சேர்த்து அவரைக் கும்பிட்டார்.

"நல்லா மறந்திருக்கீங்க, ஐயா."